அருவிச் சாரலில் வாழ்ந்த தேரை

ஒரு சிறிய தேரை. முழு வளர்ச்சி அடைந்த பின்னும் அதன் உடல் நீளம் 3 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. உங்கள் கட்டைவிரலின் மேல் அது வசதியாக உட்கார்ந்துகொள்ளும். மற்றொரு புறம், ஒரு பெரிய நீர்மின் நிலையம். அதன் திறன் 180 மெகாவாட். இவை இரண்டும் ஆப்பிரிக்காவிலுள்ள டான்சானியா நாட்டில், ஒரே ஆற்றின் நீரை நம்பியிருந்தன. ஆனால் இரண்டுக்கும் போதுமான நீர் அந்த ஆற்றில் இல்லை.

இந்தப் போட்டியில் வென்றது எது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அதன் பிறகு நடந்தவை யாரும் எதிர்பாராதவை. ஒரு தேரைக்காக மலைச்சரிவில் குழாய்கள் போடப்பட்டன. அது விமானத்தில் கடல் கடந்து சென்றது. காட்டில் அற்றுப்போய்விட்டதாக அறிவிக்கப்பட்டது. பின்னர் தன் சொந்த மலைக்கே திரும்பியும் வந்தது. அந்தத் தேரையின் பெயர் கிஹான்சி சாரல் தேரை. இதன் வரலாற்றில் உயிரியலும் இயற்பியலும் சம பங்கு வகிக்கின்றன.

மலையும் அருவியும்

தென்கென்யாவில் தொடங்கி டான்சானியாவின் நடுப்பகுதி வரை பல மலைத்தொகுதிகள் வில் போல வளைந்து நிற்கின்றன. அவற்றைக் கிழக்கு வில் மலைகள் என்பர். இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மலைகளில் மோதி மேலே எழுகிறது. மேலே எழும் காற்று விரிந்து குளிர்கிறது. அதிலுள்ள நீராவி மேகமாகி மழையாகப் பொழிகிறது. எனவே இம்மலைகளின் மீது பசுமை மாறாத மழைக்காடுகள் உள்ளன. மலைகளுக்கு இடையே உள்ள தாழ்நிலங்களோ வறண்ட புல்வெளிகள்.

காட்டில் வாழப் பழகிய சிறு உயிர்கள் வறண்ட வெளியைக் கடந்து அடுத்த மலைக்குச் செல்ல இயலாது. ஆகவே ஒவ்வொரு மலையும் ஒரு தீவு போல் ஆகிவிட்டது. தீவுகளில் நடப்பது போலவே இங்கும் நீண்ட காலத்தில் தனித்தனி இனங்கள் தோன்றின. உலகில் வேறெங்கும் காணப்படாத செடிகளும் விலங்குகளும் இங்கே ஏராளம். வீட்டு ஜன்னலோரம் தொட்டிகளில் வளர்க்கப்படும் ஆப்பிரிக்க வயலட் செடியின் தாயகமும் இம்மலைகளே.

இவ்வில்லின் தென்மேற்கு முனையில் இருப்பது உட்சுங்வா மலை. அங்கே உற்பத்தியாகும் கிஹான்சி என்ற ஆறு, மலையின் விளிம்பை அடைந்ததும் ஓர் ஆழமான பிளவின் வழியே அருவிகளாகக் கீழே விழுகிறது. ஒரு சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அது இறங்கும் உயரம் சுமார் 850 மீட்டர்! அந்த வீழ்ச்சியின் வழியில், அருவிகளின் அடிவாரத்தை ஒட்டிய சரிவுகளில் எந்நேரமும் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே மரங்கள் வளரவில்லை. பாசிகளும் செலாஜினெல்லா என்ற பூவாத் தாவரமும் கம்பளம் விரித்தாற்போல் படர்ந்திருந்தன. அந்தக் கம்பளமே நமது தேரையின் உலகம்.

அந்த உலகம் எவ்வளவு பெரியது? எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 2 ஹெக்டேர், அதாவது சுமார் 5 ஏக்கர். ஓர் உயர்நிலைப் பள்ளியின் கட்டடங்களும் விளையாட்டுத் திடலும் சேர்ந்தால் இந்தப் பரப்பு வந்துவிடும். முதுகெலும்பு உள்ள விலங்குகளில் இவ்வளவு சிறிய வாழிடத்தைக் கொண்டவை மிகச் சிலவே.

சாரல் எப்படி உண்டாகிறது?

அருவிக்கு அருகில் சென்றால், நீரில் இறங்காமலே நனைந்துவிடுகிறோம். அதற்குக் காரணம் என்ன?

உயரத்தில் உள்ள நீரிடம் நிலையாற்றல் உண்டு. விழும்போது அது இயக்க ஆற்றலாக மாறுகிறது. ஒரு கிலோகிராம் நீர் 100 மீட்டர் விழுந்தால் 980 ஜூல் ஆற்றல் வெளிப்படும். இந்த ஆற்றலின் பெரும்பகுதி பாறையில் மோதும்போதும் காற்றைக் கலக்கும்போதும் வெப்பமாகிவிடுகிறது. அதைக் கொண்டு அந்த நீரின் வெப்பநிலை கால் டிகிரிகூட உயராது. ஆனால் அந்த ஆற்றலின் ஒரு சிறு பகுதி நீரைத் துண்டு துண்டாக உடைக்கிறது.

நீரை உடைக்க ஏன் ஆற்றல் வேண்டும்? நீரின் மேற்பரப்பு இழுவிசையே காரணம். நீர் எப்போதும் தன் மேற்பரப்பைக் குறைத்துக்கொள்ளவே முயலும். அதனால்தான் நீர்த்துளி உருண்டையாக இருக்கிறது. ஒரு லிட்டர் நீரை 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளிகளாக உடைப்பதாக வைத்துக்கொள்வோம். சுமார் 190 கோடி துளிகள் கிடைக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 60 சதுர மீட்டர். ஒரு வகுப்பறையின் தரையைவிடப் பெரிய பரப்பு ஒரு லிட்டர் நீரிலிருந்து பிறந்துவிட்டது!

இத்தகைய நுண்துளிகள் மெதுவாகவே விழும். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி காற்றில் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துளியோ நொடிக்கு கால் மீட்டர் அளவே இறங்குகிறது. இதற்கிடையில், விழுகின்ற அருவி தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டு வருகிறது. தரையை அடைந்த அந்தக் காற்று நாற்புறமும் வீசுகிறது. மெதுவாக இறங்கும் நுண்துளிகளை அது நெடுந்தொலைவுக்கு அடித்துச் செல்கிறது. இதுவே சாரல்.

ஆகவே சாரல் என்பது வெறும் நீர் அன்று. நீரும் காற்றும் சேர்ந்த ஒரு ஏற்பாடு அது. துளிகள் ஆவியாவதால் அங்கே குளிர்ச்சி நிலவும். காற்றில் ஈரப்பதம் எப்போதும் நிறைவுற்றிருக்கும். கோடையானாலும் மழைக்காலமானாலும் இந்நிலை அதிகம் மாறுவதில்லை. ஆற்றின் வீழ்ச்சி இருக்கும் வரைதான் இவை அனைத்தும் இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டி போடும் தேரை

இத்தேரையின் நிறம் பொன்மஞ்சள். பெண் தேரை ஏறத்தாழ 2.9 சென்டிமீட்டர் வரை வளரும். ஆண் அதைவிடச் சிறியது. 2 சென்டிமீட்டரை எட்டுவதில்லை. வெளியே தெரியும் செவிப்பறை இதற்கு இல்லை. வயிற்றுப்புறத் தோல் மிக மெல்லியது. உள்ளே இருப்பது ஓரளவு வெளியே தெரியும். பாசிக் கம்பளத்தின் இடையே திரியும் நுண்ணிய பூச்சிகளே இதன் உணவு.

தவளையும் தேரையும் வாயால் நீர் குடிப்பதில்லை. தோலின் வழியாகவே உறிஞ்சிக்கொள்கின்றன. மூச்சின் ஒரு பகுதியும் தோலின் வழியாகவே நடைபெறுகிறது. எனவே தோல் உலர்ந்துபோனால் உயிருக்கு ஆபத்து. உடல் சிறியதாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஏன் என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் பருமன் 1000 கன சென்டிமீட்டர். மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். 2 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் பருமன் 8, மேற்பரப்பு 24. முதலாவதில் ஒரு பங்கு பருமனுக்கு 0.6 பங்கு மேற்பரப்பு. இரண்டாவதிலோ 3 பங்கு. உருவம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்ததும், உள்ளே இருக்கும் நீரோடு ஒப்பிட அதை இழக்கும் பரப்பு ஐந்து மடங்காகிவிட்டது. இவ்வளவு சிறிய தேரைக்குச் சாரல் ஓர் ஆடம்பரம் அன்று. அதன் வாழ்வே அதுதான்.

இதனினும் வியப்பானது இதன் இனப்பெருக்கம். தவளை நீரில் முட்டையிடும்; முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வரும்; அது நீந்தி வளர்ந்து தவளையாகும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறீர்கள். கிஹான்சி தேரை அந்தப் பாடத்திற்குக் கட்டுப்படுவதில்லை. இதில் கருவுறுதல் தாயின் உடலுக்குள்ளேயே நிகழ்கிறது. முட்டைகளும் தாயின் உடலுக்குள்ளேயே தங்கி, மஞ்சள்கருவை உண்டு வளர்கின்றன. தலைப்பிரட்டைப் பருவமும் உள்ளேயே கழிந்துவிடுகிறது. முடிவில் தாய், முழு உருவம் பெற்ற குட்டித் தேரைகளை ஈனுகிறது! ஒவ்வொன்றின் நீளமும் சுமார் 5 மில்லிமீட்டர். ஒரு பாசிப்பயறு அளவுதான். நிறைமாதத் தாயின் மெல்லிய வயிற்றுத் தோலின் வழியே கருநிறக் குட்டிகளை வெளியிலிருந்தே காண முடியும்.

இந்த முறை ஏற்பட்டதன் பயன் நமக்குப் புரிகிறது. செங்குத்தான பாறைச் சரிவில், அடித்துக்கொண்டு ஓடும் நீரில் தலைப்பிரட்டை எங்கே நீந்தும்? தேங்கிய குட்டை அங்கே கிடையாது. தாயின் வயிறே குட்டையாகிவிட்டது எனலாம். டான்சானியாவில் மட்டுமே காணப்படும் இந்தத் தேரைப் பேரினத்தில் இப்பழக்கம் உள்ள வேறு சில இனங்களும் உண்டு.

850 மீட்டரின் மதிப்பு

இனி மின் நிலையத்திற்கு வருவோம். 1990-களில் டான்சானியாவின் பெரும்பாலான வீடுகளில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இருந்த நகரங்களிலும், வறட்சியால் அணைகளில் நீர் குறைந்தபோதெல்லாம் மின்வெட்டு ஏற்பட்டது. மருத்துவமனை, தொழிற்சாலை, பள்ளி எல்லாம் பாதிக்கப்பட்டன. அந்நாட்டுக்கு மின்சாரம் அவசரத் தேவை. 850 மீட்டர் விழும் ஆறு ஒன்று கையருகில் இருந்தது.

ஒரு கன மீட்டர் நீரின் நிறை 1000 கிலோகிராம். அது 850 மீட்டர் இறங்கும்போது கிடைக்கும் ஆற்றல்: 1000 × 9.8 × 850. அதாவது ஏறத்தாழ 83 லட்சம் ஜூல். நொடிக்கு ஒரு கன மீட்டர் வீதம் நீர் இறங்கினால் 8.3 மெகாவாட் திறன் கிடைக்கும். கிஹான்சி ஆற்றின் சராசரி ஓட்டம் நொடிக்கு ஏறத்தாழ 16 கன மீட்டர். பெருக்கிப் பாருங்கள். ஒரு சிறிய ஆற்றில் எவ்வளவு செல்வம் புதைந்திருக்கிறது என்பது விளங்கும்.

உலக வங்கி முதலியவற்றின் நிதியுதவியுடன் 1990-களின் நடுவில் வேலை தொடங்கியது. அருவிகளுக்கு மேலே 25 மீட்டர் உயரமுள்ள ஓர் அணை கட்டப்பட்டது. அணையிலிருந்து நீரை மலையின் உட்புறமாகச் சுரங்கத்தில் இறக்கி, நிலத்தடியில் உள்ள மின் நிலையத்துக்குக் கொண்டுசென்றனர். அங்கே மூன்று பெல்ட்டன் சக்கரங்கள் உள்ளன. 850 மீட்டர் நீர்மட்ட அழுத்தத்தில் வெளிப்படும் நீர்த்தாரையின் வேகம், உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், நொடிக்கு 129 மீட்டர். மணிக்கு 460 கிலோமீட்டருக்கும் மேல்! அத்தாரை சக்கரத்தின் கிண்ணங்களில் மோதிச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஆற்றலைச் சக்கரத்திடம் கொடுத்துவிட்ட நீர், அருவிகளுக்குக் கீழே மீண்டும் ஆற்றில் சேர்கிறது.

வழக்கமான அளவுகோல்களின்படி இது நல்ல திட்டமே. அணை சிறியது. நீரில் மூழ்கிய நிலம் மிகக் குறைவு. எடுத்த நீரில் ஒரு துளியும் குறையாமல் ஆற்றுக்கே திருப்பித் தரப்பட்டது. திருப்பித் தராதது ஒன்றே ஒன்றுதான். அது நீரின் வீழ்ச்சி. முன்பு அருவியில் சாரலை உண்டாக்கிய அதே ஆற்றல்தான் இப்போது சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஆற்றல் அழிவின்மை விதியை அறிந்த நாம் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரே ஆற்றலை இரண்டு இடங்களில் செலவிட முடியாது.

வேலை தொடங்கிய பிறகே அருவிப் பிளவின் உயிரினங்களை ஆராய அறிஞர்கள் அனுப்பப்பட்டனர். 1996-ஆம் ஆண்டின் இறுதியில் அவர்கள் கண்ணில் இந்தப் பொன்னிறத் தேரை பட்டது. ஆயிரக்கணக்கில் அங்கே வாழ்ந்துகொண்டிருந்த அதனை, அறிவியல் உலகம் அதற்கு முன் அறிந்திருக்கவில்லை. பாயிண்டன், ஹோவெல், கிளார்க், லோவெட் ஆகிய நால்வர் அதனை ஆராய்ந்து, நெக்டோஃப்ரினாய்டிஸ் அஸ்பெர்ஜினிஸ் என்று பெயரிட்டனர். பெயரின் இரண்டாம் சொல், சாரல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதன் வாழ்வு எதில் இருக்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிட்டது. ஆனால் அதற்குள் அணை எழும்பிக்கொண்டிருந்தது.

செயற்கைச் சாரல்

1999-இன் இறுதியில் மின் உற்பத்தி தொடங்கியது. 2000-இல் முழு அளவை எட்டியது. ஆற்றின் பெரும்பகுதி நீர் சுரங்கத்திற்குள் சென்றுவிட்டது. அருவிக்கு மிஞ்சியது பத்தில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோதான். சாரல் அடங்கியது. ஈரக் கம்பளம் ஓரங்களில் உலரத் தொடங்கியது. அதுவரை அங்கே தலைகாட்டாத களைச்செடிகள் உள்ளே நுழைந்தன. தேரைகள் எஞ்சியிருந்த ஈரப் பகுதிகளில் போய் ஒண்டிக்கொண்டன.

அணையைத் திறந்து பழையபடி நீரை விட்டால் என்ன? நொடிக்கு 2 கன மீட்டர் நீரை அருவிக்கு விட்டாலும், சுமார் 16 மெகாவாட் திறனைக் கைவிட வேண்டும். ஒரு நாளைக்கு அது ஏறத்தாழ 4 லட்சம் யூனிட் மின்சாரம். இருளில் இருக்கும் ஓர் ஏழை நாட்டுக்கு இது சிறிய தொகை அன்று. தேரைக்காகப் பேசுவோர் இந்தக் கணக்கைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

பொறியியலார் வேறொரு வழி கண்டனர். தேரைக்குத் தேவை ஆறு அன்று, சாரல்தானே? அதை நாமே உண்டாக்கினால் என்ன? தோட்டங்களில் நீர் தெளிக்கும் தெளிப்பான்களைப் போன்றவற்றைச் சரிவுகளில் அமைத்தனர். மேலிருந்து குழாய்களில் வரும் நீர், மோட்டார் இல்லாமல் தன் அழுத்தத்தாலேயே நுண்துளிகளாகச் சிதறியது. இவ்வேலை 2000-2001 வாக்கில் நடைபெற்றது. இதனுடன் நொடிக்கு 1.5 முதல் 2 கன மீட்டர் வரை நீர் அருவிக்கு விடப்படும் என்ற ஏற்பாடும் வந்தது.

ஏற்பாடு பலன் தந்தது. பாசியும் செலாஜினெல்லாவும் மீண்டும் தழைத்தன. 2003-ஆம் ஆண்டு ஜூன் மாதக் கணக்கெடுப்பில், ஏறத்தாழ 20,000 தேரைகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. மின்சாரமும் கிடைத்தது, தேரையும் பிழைத்தது என்று அனைவரும் மகிழ்ந்திருக்க வேண்டிய நேரம்.

கண்ணுக்குத் தெரியாத பகை

ஆனால் அடுத்த சில வாரங்களில் தேரைகள் மடியத் தொடங்கின. 2004 ஜனவரியில் தேடியபோது கண்ணில் பட்டவை மூன்று. ஆண் தேரைகள் இரண்டின் குரல் மட்டும் கேட்டது. இருபதாயிரம் எங்கே, ஐந்து எங்கே!

இறந்த தேரைகளின் தோலை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒரு பூஞ்சை தென்பட்டது. கைட்ரிட் வகையைச் சேர்ந்த அது, 1990-களின் இறுதியில்தான் இனங்காணப்பட்டது. நீரில் நீந்தும் நுண்ணிய வித்துகளால் பரவுகிறது. தவளையின் தோலில் புகுந்து பெருகி, தோலின் வேலையைக் கெடுக்கிறது. நீரும் உப்பும் உடலுக்குள் சமநிலையில் இருப்பதற்கு அந்தத் தோல்தான் காவல். காவல் குலைந்ததும் இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் அயனிகளின் அளவு குறைகிறது. இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்துடிப்புகளுக்கு இந்த அயனிகளே ஆதாரம். முடிவில் இதயம் நின்றுவிடுகிறது.

இந்த நோய் கிஹான்சிக்கு மட்டும் வந்தது அன்று. உலகெங்கும் குறைந்தது 501 தவளை, சாலமாண்டர் வகைகளின் எண்ணிக்கையை இது குறைத்துவிட்டது என்றும், அவற்றில் 90 வகைகள் அடியோடு அழிந்திருக்கலாம் என்றும் 2019-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

அணை தேரையைக் கொன்றதா, பூஞ்சை கொன்றதா என்று கேட்கலாம். அணையில் படிந்த வண்டலை வெளியேற்றியபோது பூச்சிமருந்து கலந்து வந்ததோ என்ற ஐயமும் அப்போது எழுந்தது. பிற்காலத்தில் பழைய மாதிரிகளை ஆராய்ந்தவர்கள், பூஞ்சையே இறுதி அடியைக் கொடுத்தது என்ற முடிவுக்கு வந்தனர். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. தெளிப்பான் நீரைத் தந்தது. அருவியின் காற்றைத் தரவில்லை. பழைய பரப்பையும் முழுமையாகத் தரவில்லை. ஓர் இனம் முழுவதும் ஐந்து ஏக்கருக்குள் நெருங்கி வாழும்போது, ஒரு தொற்றுநோய் நுழைந்தால் தப்பி ஓட வேறு இடம் கிடையாது. 2009-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், கிஹான்சி சாரல் தேரை இயற்கை வாழிடத்தில் அற்றுப்போய்விட்டது என அறிவித்தது.

கடல் கடந்த 499 தேரைகள்

'இயற்கை வாழிடத்தில்' என்ற சொற்களைக் கவனித்தீர்களா? அதற்குக் காரணம் உண்டு. சாரல் குறைந்த உடனேயே, 2000-ஆம் ஆண்டின் இறுதியில், ஒரு முன்னெச்சரிக்கை நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தது. டான்சானிய அரசின் இசைவுடன் 499 தேரைகளைப் பிடித்து, அமெரிக்காவில் நியூயார்க் நகரின் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலைக்கு விமானத்தில் அனுப்பினர். பின்னர் அவற்றில் சில வேறு காட்சிசாலைகளுக்கும் பிரித்தனுப்பப்பட்டன.

ஆனால் வளர்ப்பது எளிதாக இல்லை. யாரும் அதற்கு முன் வளர்த்திராத உயிர் அது. ஒட்டுண்ணிகள் தாக்கின. எலும்புகள் வலுவிழந்தன. குட்டிகள் பிறந்தன, ஆனால் பிழைத்தவை குறைவு. 2004-ஆம் ஆண்டின் இறுதியில், பிராங்ஸ், டொலிடோ என்ற இரண்டு காட்சிசாலைகளில் எஞ்சியிருந்தவை 70-ஐக்கூட எட்டவில்லை. காட்டிலும் தேரை இல்லை. ஓர் இனத்தின் எதிர்காலம் சில கண்ணாடித் தொட்டிகளில் அடங்கியிருந்தது.

அங்கே பணியாற்றியவர்கள் தேரையின் தேவைகளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டனர். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் இல்லாவிட்டால் உடலில் வைட்டமின் டி உண்டாகாது, எலும்பு உறுதிப்படாது. எனவே தக்க விளக்குகளைப் பொருத்தினர். நீரை வடிகட்டி, குறித்த நேரத்தில் தானாகவே சாரலாகத் தெளிக்கும் கருவிகளை அமைத்தனர். 5 மில்லிமீட்டர் தேரையின் வாய்க்குள் நுழையும் அளவுக்குச் சிறிய பூச்சிகளைத் தேடி, அவற்றையும் வளர்த்தனர். நோய் பரவாதிருக்க இத்தேரைகளை மற்ற விலங்குகளிடமிருந்து தனியே வைத்தனர். மெல்ல மெல்ல எண்ணிக்கை நூறுகளாகி ஆயிரங்களாகியது.

வீடு திரும்புதல்

2010 ஆகஸ்டில் 100 தேரைகள் டான்சானியாவுக்குத் திரும்பின. தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தில் அவற்றுக்காக ஒரு வளர்ப்பகம் தயாராக இருந்தது. அந்நாட்டவரே பயிற்சி பெற்று அவற்றைப் பராமரித்தனர். பின்னர் கிஹான்சிக்கு அருகிலும் ஒரு வளர்ப்பகம் ஏற்பட்டது.

அடுத்த கேள்வி கடினமானது. பள்ளத்தாக்கில் பூஞ்சை இன்னும் இருக்குமானால், தேரைகளை விடுவது அவற்றைச் சாவுக்கு அனுப்புவதாகாதா? எனவே அங்குள்ள மண்ணுடனும் செடிகளுடனும் சில தேரைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தனர். பிறகு ஒரு சிறு கூட்டத்தைச் சரிவிலேயே வைத்துக் கண்காணித்தனர். அவை பிழைத்திருந்தன. அதன்பின் 2012 டிசம்பரில் ஈராயிரத்திற்கும் மேற்பட்ட தேரைகள் செயற்கைச் சாரலின் கீழ் விடப்பட்டன. இயற்கையில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட நீர்நில வாழ்வி ஒன்று, தன் சொந்த வாழிடத்திற்கே திரும்பக் கொண்டுவரப்பட்டது உலகில் இதுவே முதல் முறை. அதன் பின்னரும் பல தடவை தேரைகள் விடப்பட்டன.

விடுவது வேறு, நிலைப்பது வேறு. ஓர் இனம் நிலைத்துவிட்டது என்று சொல்ல வேண்டுமானால், விடப்பட்டவை அங்கேயே குட்டி ஈன்று, அக்குட்டிகளும் வளர்ந்து குட்டி ஈன வேண்டும். வெளியிலிருந்து புதியவை சேர்க்காமலே பல ஆண்டுகளுக்கு எண்ணிக்கை குறையாதிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஈரப் பாசியில் குனிந்து, விரல்நுனி அளவுள்ள உயிர்களை எண்ணுவதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி கிடையாது. அதுவரை, தெளிப்பான் ஒன்று அடைத்துக்கொண்டால் அதைச் சரிசெய்ய ஓர் ஆள் மலையேற வேண்டும். அருவி இலவசமாகச் செய்துவந்த வேலையை இப்போது மனிதர் கூலி கொடுத்துச் செய்கின்றனர்.

கணக்கில் கொடுக்கப்படாத எண்

நீர்மின் திறனைக் கணக்கிடும் முறையை நீங்கள் மேல் வகுப்புகளில் கற்பீர்கள். ஒரு நொடியில் இறங்கும் நீரின் எடையை வீழ்ச்சி உயரத்தால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். உயரத்தை மலை தீர்மானித்துவிட்டது. புவியீர்ப்பு முடுக்கத்தைப் பூமி தீர்மானித்துவிட்டது. மிஞ்சியிருப்பது நீரின் அளவு. தேர்வில் வரும் கணக்கில் அந்த எண் கொடுக்கப்பட்டிருக்கும். உண்மையான ஆற்றில் அது கொடுக்கப்பட்டிருப்பதில்லை. எவ்வளவு எடுப்பது, எவ்வளவு விடுவது என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும்.

கிஹான்சியில் அந்த முடிவு எடுக்கப்பட்டபோது, அருவியின் அடியில் யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாது. அங்கே வெறும் பாறையும் வீணாகும் நீருமே இருப்பதாகத் தோன்றியது. தேரை வெளிப்பட்ட நேரத்தில் சுரங்கத்தின் குறுக்களவு, சக்கரங்களின் எண்ணிக்கை, கடனைத் திருப்பிச் செலுத்தும் கணக்கு எல்லாம் உறுதியாகிவிட்டன. சில ஆண்டுகளுக்கு முன்பே ஒரு குழு அந்தச் சரிவில் ஏறி இறங்கியிருந்தால், அருவிக்கான நீரையும் சேர்த்தே திட்டம் தீட்டியிருக்கலாம். அந்த ஆய்வுக்கு ஆகியிருக்கும் செலவு, பின்னர் குழாய்களுக்கும் வளர்ப்பகங்களுக்கும் ஆன செலவின் பக்கத்தில் நிற்காது.

டான்சானியாவுக்கு மின்சாரம் வேண்டும். அதில் ஐயமில்லை. அந்த மின்சாரத்தில் படித்த மாணவர்களே இன்று அத்தேரையைக் காக்கும் அறிஞர்களாகவும் ஆகலாம். ஆகவே 'தேரையா, மின்சாரமா' என்ற கேள்வியைவிட, 'கணக்குப் போடும் முன் எல்லாவற்றையும் எண்ணிவிட்டோமா' என்ற கேள்வியே பயனுள்ளது. இன்று பள்ளியில் இருக்கும் உங்களில் சிலர் நாளை அணை கட்டும் பொறியாளராவீர்கள். சிலர் உயிரியல் அறிஞராவீர்கள். இவ்விருவரும் ஒரே மேசையில், வேலை தொடங்கும் முன்பே உட்கார வேண்டும். ஆற்றில் இறங்கும் நீரின் அளவு என்ற அந்த ஓர் எண்ணை இருவரும் சேர்ந்தே எழுத வேண்டும்.